புகை குறையாமல், கொழுப்பு குறைத்து: வீட்டுப் பீப்பாயில் புக்கானே

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனின் மலைப்பக்கத்து வீடுகள் பலவற்றில், குடியிருக்கும் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு விறகடுப்புச் சமையலறை இருக்கும். தகரக் கூரை, கரிபிடித்த சுவர், அடுப்புக்கு நேர் மேலே ஒரு கம்பி. உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டங்கள் அந்தக் கம்பியில் நாள்கணக்கில் தொங்கும். கீழே சோறும் பருப்பும் கொதிக்கக் கொதிக்க, மேலே ஏறும் புகையிலேயே இறைச்சி பதமாகிவிடும். இதுதான் இந்தத் தீவின் புக்கானே. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு போட்டு வதக்கினால் ருகாய் புக்கானே. கத்தரிக்காயோடும் சேர்ப்பார்கள், செளசெளவோடும் சேர்ப்பார்கள், வாழைப்பூவோடும் சேர்ப்பார்கள். காரைக்காலிலிருந்து வந்து சென்-ஆந்த்ரேயில் குடியேறிய எங்கள் குடும்பத்துக்கு இந்த ஊர்ச் சாப்பாட்டில் முதலில் நாக்கில் ஒட்டிக்கொண்டது இதுதான்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பல வருஷமாகிறது. எனக்கு எடை கூடிக்கொண்டே போனது. பிரெஞ்சு மாவட்டங்களில் நீரிழிவு மிக அதிகமாக உள்ள இடங்களில் ரெயூனியோன் ஒன்று என்பதால், இங்குள்ள உணவு ஆலோசகர்கள் புக்கானே என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "சாப்பிடாதீர்கள்" என்பதோடு நிறுத்திவிட்டால் வீட்டில் எதுவும் மாறுவதில்லை. ஒரு மாதம் கட்டுப்பாடு, அப்புறம் பழைய தட்டு. நான் வேறு வழியில் போனேன். புகையை நாமே போட்டால் எந்தக் கறியைப் போடுவது, எவ்வளவு உப்பு, கூட என்ன சாப்பிடுவது எல்லாம் நம் கையில் இருக்கும். அதற்காக ஒரு புகைப் பீப்பாய் கட்டினேன். கட்டிய விதமும், அதில் போட்ட இறைச்சியும், தட்டில் போட்ட கணக்கும் இந்தப் பதிவில் இருக்கின்றன.

கலோரி எங்கே இருக்கிறது

புகைக்குக் கலோரி கிடையாது. உப்புக்கும் கிடையாது. இறைச்சியில் மாவுச்சத்து இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படியிருக்க, ஒரு தட்டு ருகாய் புக்கானே சாப்பிட்டு எழுந்தால் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?

முதல் காரணம், எடுக்கும் பாகம். வழக்கமான புக்கானேக்குப் பன்றியின் வயிற்றுப் பகுதியை எடுப்பார்கள். பச்சையாக 100 கிராமில் ஏறக்குறைய 520 கலோரி. அதில் கொழுப்பு மட்டும் 53 கிராம், புரதம் 9 கிராம்தான். அதே பன்றியில் முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் ஓடும் மென்சதையை, கசாப்புக் கடையில் பிலே மிஞோன் என்று கேட்டு வாங்கும் பாகத்தை, எடுத்தால் 100 கிராமில் 110 கலோரிதான். புரதம் 20 கிராமுக்கு மேல். ஒரே மிருகம்தான், ஆனால் கலோரி நாலரை மடங்கு வித்தியாசப்படுகிறது. கோழித் தொடையைத் தோலோடு எடுத்தால் 220, தோலை உரித்தால் 120. வாத்தில் தோல் செய்யும் வேலை இன்னும் பெரிது; தோலோடு முழு வாத்து 400 கலோரியைத் தொடும், தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 125க்குள் நின்றுவிடும்.

இரண்டாவது, இனிப்பு. தீவின் பழைய முறைப் புக்கானேயில் சர்க்கரை இல்லை, உப்பும் புகையும்தான். ஆனால் கடையில் விற்கும் பார்பெக்யூ சாஸ் பலவற்றில் 100 கிராமுக்கு 30, 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, பெரும்பங்கு சர்க்கரை. அமெரிக்க முறையில் இறைச்சி மேல் தடவும் மசாலாவிலும் பழுப்புச் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். நீரிழிவுக்காரர் வீட்டில் இரண்டுக்கும் இடமில்லை என்பது என் முடிவு. சர்க்கரை விஷயத்தில் இந்தத் தீவுக்கு ஒரு வரலாறே உண்டு. கடல்கடந்த மாவட்டங்களில் விற்கும் பானத்திலும் தயிரிலும், பிரான்சின் பெருநிலப்பகுதியில் விற்கும் அதே சரக்கில் இருப்பதைவிடக் கூடுதல் சர்க்கரை போடக் கூடாது என்று 2013 ஜூனில் பாரிசில் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அப்போதைய கடல்கடந்த பிரதேச அமைச்சர் விக்தொரேன் லுரேல் பெயரால் அதை லுரேல் சட்டம் என்பார்கள். சட்டம் வந்தது நல்லது. ஆனால் சாஸ் பாட்டிலின் பின்பக்கத்தை நாம்தான் படிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது: தட்டு. இங்கே சோறு மலைபோல் வரும், அதன் மேல் பருப்பு, ஓரத்தில் புக்கானே. வேகவைத்த சோறு 300 கிராம் என்றால் 390 கலோரி, மாவுச்சத்து 84 கிராம். பருப்பு 150 கிராம் என்றால் இன்னொரு 30 கிராம் மாவுச்சத்து. இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது இந்த 114 கிராம்தான், இறைச்சி அல்ல. இறைச்சி எடையை ஏற்றும், சோறு சர்க்கரையை ஏற்றும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாப் பழியையும் புக்கானே தலையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பீப்பாய்

வேண்டியது 200 லிட்டர் இரும்புப் பீப்பாய், மேல்மூடி வளையத்தோடு கழன்று வரும் வகை. உள்ளே முன்பு என்ன இருந்தது என்பதுதான் முதல் கேள்வி. சமையல் எண்ணெயோ பழச்சாறோ வந்த பீப்பாய் என்றால் எடுக்கலாம். ரசாயனம், பெயின்ட், பூச்சிமருந்து வந்தது என்றால் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்பும் வேண்டாம். சூட்டில் துத்தநாகம் ஆவியாகி நச்சுப் புகை கிளம்பும்.

உணவுப் பொருள் வந்த பீப்பாயின் உள்சுவரிலும் பெரும்பாலும் மஞ்சளோ சிவப்போ கலந்த எபாக்சிப் பூச்சு இருக்கும். அதை எரித்தே ஆக வேண்டும். அடியில் துளைகள் போட்ட பிறகு, உலர்ந்த விறகை வாய் வரை அடுக்கித் தீ வைத்தேன். முதல் அரை மணி நேரம் கறுப்புப் புகை சுருண்டு சுருண்டு வந்தது, பிளாஸ்டிக் கருகும் நெடியோடு. இது வீட்டுக்குள்ளோ துணி காயும் கொடிக்குப் பக்கத்திலோ செய்கிற வேலை அல்ல. அப்புறம் புகை வெளுத்தது, சுவரில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது, கடைசியில் பீப்பாயின் நடு வயிறு மங்கிய சிவப்பாகப் பழுத்தது. அந்தச் சிவப்பு வந்த இடத்தில் பூச்சு மிச்சமில்லை. சிவக்காத மேல்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்ததை டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்து எடுத்தேன். வெறும் இரும்பு சாம்பல் நிறத்தில் தெரியும் வரை தேய்க்க வேண்டும். பிறகு கழுவி, துடைத்து, உள்ளே மெல்லிசாகச் சமையல் எண்ணெய் பூசி, சூடேற்றிப் பதப்படுத்தினேன், நம் வீட்டில் புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவது போல. வெளியே மட்டும் சூடு தாங்கும் பெயின்ட்.

துளைக் கணக்கு இது. அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில், சமமான இடைவெளியில் 20 மில்லிமீட்டர் துளைகள் மூன்று. காற்று உள்ளே போக. மூடியில் 13 மில்லிமீட்டர் துளைகள் எட்டு; புகை வெளியேற. கீழே போகும் காற்றின் வழியைவிட மேலே போகும் வழி கொஞ்சமாவது பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புகை உள்ளே தேங்கி இறைச்சியில் கசப்பேறும். கீழ்த்துளை ஒன்றில் குழாய்த்துண்டும் பந்து வால்வும் மாட்டினேன். மற்ற இரண்டுக்கும் சிறிய தகட்டு மூடிகள், ஒரே போல்ட்டில் சுழல்கிற மாதிரி. தீயை நடத்துவது எல்லாம் கீழேதான். மேல்துளைகளை எப்போதும் முழுக்கத் திறந்தே வைக்கிறேன்.

மேல்விளிம்பிலிருந்து 18 சென்டிமீட்டர் கீழே நாலு இனாக்ஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்; அதன் மேல் கம்பிவலை. 57 சென்டிமீட்டர் உருண்டை பார்பெக்யூ அடுப்புக்கென்று கடையில் விற்கும் வலை இந்தப் பீப்பாயில் அப்படியே உட்காரும், தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அதற்கு 20 சென்டிமீட்டர் கீழே இன்னொரு வரிசை போல்ட். அதில் ஒரு இனாக்ஸ் தட்டு, தண்ணீர் ஊற்றி. அடியில் கரிக்கூடை: வலைத்தகட்டை வளைத்து 35 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரம், சாம்பல் கீழே விழ 7 சென்டிமீட்டர் கால்கள்.

இந்தத் தண்ணீர்த் தட்டை இப்படிப் பீப்பாய் கட்டுபவர்கள் பலர் வைப்பதில்லை. கொழுப்பு நேரே தணலில் சொட்டிப் பொசுங்குவதில்தான் ருசி என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்படிப் பொசுங்கும் கொழுப்பிலிருந்து எழும் புகையில்தான் பென்சோபைரீன் முதலான புற்றுநோய்க் காரணிகள் அதிகம், அது திரும்ப மேலேறி இறைச்சியில் படியும். ஒரு தட்டு வைத்தால் தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் இருப்பதால் உள்ளே ஈரமும் நிற்கும். கொழுப்பில்லாத கறிக்கு அந்த ஈரம் தேவை.

விறகும் தீயும்

பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தெருவே தொன்தோன் (மாமா) என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். புக்கானேக்கு விறகு எது என்று கேட்டதும் யோசிக்காமல் கோயாவியே என்றார். சின்னச் சிவப்புக் கொய்யா காய்க்கும் செடி அது. மே, ஜூன், ஜூலையில் பிளேன் தே பால்மிஸ்த் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் அந்தப் பழம்தான். பிரேசிலிலிருந்து வந்து இந்தத் தீவின் காட்டையே ஆக்கிரமித்துக்கொண்ட செடி; உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இதுவும் உண்டு. அவர் தோட்டத்து வேலியில் வெட்டிய கிளைகளைக் கூரைக்கடியில் காயப்போட்டு வைத்திருந்தார். கைக்கட்டை விரல் தடிமன் கிளை, பட்டை உரித்தது, இரண்டைத் தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். பச்சையாக இருந்தால் மழுங்கிய சத்தம் வரும், அதை அவர் திருப்பி அடுக்கிவிடுவார்.

கோயாவியே கிடைக்காவிட்டால் லிச்சி மரமோ மாமரமோ போடலாம். நம் ஊர்ச் சவுக்கு இங்கே பிலாவோ என்ற பெயரில் கடற்கரை நெடுக நிற்கிறது. ஆனால் அது சூடு அதிகம் கக்கும், எனவே கரிக்குப் பதில் போடலாமே தவிர வாசனைக்கு அல்ல. பிசின் வடியும் ஊசியிலை மரம், பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை எதுவும் கூடாது.

புகையின் மணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தீ போடுவது எளிது. மரத்துக்கு உறுதி கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது குவாயகோல், சிரிங்கோல் என்ற பொருள்கள் வருகின்றன. நாம் புகைவாசம் என்று சொல்வதில் பெரும்பங்கு இவைதான். காற்று போதாமல் விறகு குமைந்தால் அடர்ந்த வெள்ளைப் புகை வரும், அதோடு தாரும் வரும். இறைச்சி பிசுபிசுத்து நாக்கு மரத்துப்போகும். நமக்கு வேண்டியது மூடித் துளைகளில் வந்ததும் வராததுமாகத் தெரியும் இளநீலப் புகை. கூடையில் பற்றாத கரி 3 கிலோ, நடுவில் ஒரு குழி. தனியாகப் பற்றவைத்த தணலை ஒரு பெரிய கரண்டி அளவு அந்தக் குழியில் கொட்டினால், தீ மெதுவாகச் சுற்றிலும் பரவும். மூன்று கோயாவியே துண்டுகளைக் கரிக்குள் பாதி புதைத்துவிடுகிறேன். வெள்ளைப் புகை ஓய்ந்து நீலம் வரும் வரை இறைச்சி குளிர்பெட்டியிலேயே இருக்கும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: குளிர்ந்த, சற்றே ஈரமான மேற்பரப்பில்தான் புகை நன்றாக ஒட்டும்.

சூடு 110 முதல் 120 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மூடியில் வரும் வட்டமான மானியை நம்பாமல், கம்பிவலை உயரத்தில் வயர் வைத்த டிஜிட்டல் மானியைக் கட்டுகிறேன். 100 டிகிரி தாண்டியதும் இரண்டு கீழ்த்துளைகளை மூடி, வால்வைப் பாதிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்; 130 போன பிறகு மூடினால் இறங்க நேரமாகும். எங்கள் பக்கம் தீவின் கிழக்கு, மழையும் அதிகம், தென்கிழக்குக் காற்றும் நேரே வரும். எனவே வால்வு இருக்கும் பக்கத்தைச் சுவர் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். காற்று திசை மாறினால் சூடு அரை மணியில் 20 டிகிரி ஏறுகிறது.

கறி

கொழுப்பு நிறைந்த வயிற்றுப் பகுதிக்குப் பெரிய பக்குவம் தேவையில்லை, கொழுப்பே காப்பாற்றிவிடும். கொழுப்பில்லாத கறிக்குத்தான் கை நிதானம் வேண்டும். கொஞ்சம் கூட வெந்தாலும் சக்கை.

உப்பு, கறி எடையில் ஒன்றரை சதவீதம்: கிலோவுக்கு 15 கிராம். தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும், கை அளவு வேண்டாம். தடவி மூடி ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் விட்டால் உப்பு உள்ளே இறங்கி, புரதம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காலையில் மிளகு, தனியா, சீரகம், தட்டிய பூண்டு, தைம், கொம்பாவா என்ற எலுமிச்சை வகையின் தோல் துருவல், பிளேன் தே கிரேக் மஞ்சள் கொஞ்சம். அந்த மலைக்கிராமத்தின் மஞ்சள் இங்கே பேர்போனது. சர்க்கரை, தேன், சாஸ் எதுவும் இல்லை. நல்ல பழுப்பு நிறம் சர்க்கரை இல்லாமல் வராது என்பார்கள். மஞ்சளும் புகையும் சேர்ந்து கொடுக்கும் செந்தேன் நிறம் எனக்குப் போதும்.

தோல் உரித்த கோழித் தொடைதான் முதலில் செய்துபார்க்க வேண்டியது. தோலோடு புகைத்துச் சாப்பிடும்போது தோலை எடுத்துவிடலாமே என்று மனைவி கேட்டாள். செய்யலாம், கறி இன்னும் மெத்தென்றும் இருக்கும், ஆனால் புகையின் மணம் முக்கால்வாசி தோலோடு குப்பைக்குப் போய்விடும். நான் உரித்தே போடுகிறேன். உள்சூடு 74 டிகிரி வந்தால் கோழி பாதுகாப்பானது. தொடையை மட்டும் 80 வரை விடுகிறேன், அதில் உள்ள இணைப்புத் திசு இளக அந்தச் சூடு வேண்டும். ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும்.

பிலே மிஞோன் வேறு கதை. மெலிந்த சதை, அரைக் கிலோ கனம், உள்சூடு 55 டிகிரி வரும் வரை திறந்த புகையில் கிடக்கும். அதற்குள் புகை ஏற வேண்டிய அளவு ஏறிவிடுகிறது. அப்புறம் தணலில் வாட்டிய வாழையிலையில் இறுக்கமாகச் சுற்றித் திரும்ப வலையில் வைக்கிறேன். இலைக்குள் அதன் சாறிலேயே அது வெந்து 68 டிகிரி வந்ததும் வெளியே எடுத்து, இலையைப் பிரிக்காமல் 15 நிமிஷம் ஆறவிட வேண்டும். கத்தி வைத்தால் விளிம்பைச் சுற்றி ஒரு விரலின் கால்வாசி அகலத்துக்கு ரோஜா நிற வளையம். அது வேகாத கறி இல்லை. எரியும் விறகிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு தசையின் சிவப்பு நிறமியான மயோகுளோபினோடு சேர்ந்து நிறத்தை அப்படியே பிடித்துவைப்பதால் வருவது. நடுப்பகுதி வெளிர்ந்து, அழுத்தினால் சாறு கசிய வேண்டும்.

"ஏண்டா, கொழுப்பில்லாத புக்கானே ஒரு புக்கானேயா?" என்றுதான் அம்மா கேட்டார்கள். தொன்தோனும் தீவின் கிரெயோல் மொழியில் ஏறக்குறைய அதையே சொன்னார். வெறும் துண்டாக வாயில் போட்டுப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். வயிற்றுப் பகுதியின் வழவழப்பு இதில் வராது. ஆனால் புக்கானேயை யாரும் வெறுமனே சாப்பிடுவதில்லையே. காய்கறியோடு சேர்ந்த பிறகு இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ரொம்பக் குறைந்துவிடுகிறது, வாழைப்பூவில் மறைந்தேவிடுகிறது.

கலோரி எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகைக்கும்போது தண்ணீர் போகிறது, கலோரி போவதில்லை. ஒரு கிலோ தோலில்லாத தொடை புகைத்து எடுத்தால் 740 கிராம் நிற்கிறது. பச்சையில் இருந்த 1200 கலோரி இப்போது அந்த 740 கிராமுக்குள். ஆக 100 கிராம் புகைத்த கறி 160 கலோரி, அட்டவணையில் பச்சைக் கறிக்குப் போட்டிருக்கும் 120 அல்ல. போடுமுன் ஒருமுறை, எடுத்தபின் ஒருமுறை நிறுத்தால் போதும், வகுத்துக்கொள்ளலாம். உப்பும் இதே கணக்குத்தான்: 15 கிராம் 740க்குள் அடங்குவதால் 100 கிராமில் 2 கிராம் உப்பு. நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எனவே இந்தக் கறி சேரும் குழம்பிலோ பொரியலிலோ தனியாக உப்புப் போடுவதில்லை.

தட்டு

இந்தத் தீவின் சமையலிலேயே இதற்கு விடை இருக்கிறது. வாழைப்பூவை இங்கே பாபா ஃபிக் என்பார்கள். அதில் கொஞ்சம் புக்கானேயை மணத்துக்குப் போட்டு வதக்குவது பழைய ஏழை வீட்டுச் சமையல். இறைச்சி குறைவு, காய் அதிகம். கலோரி எண்ணுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. அதிலும் வாழைப்பூ ஆய்வது நம் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய வேலையா?

நாலு பேருக்கு ஒரு பெரிய பூ. கள்ளனையும் ஒட்டுத்தோலையும் எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கி மோர்த் தண்ணீரில் போட வேண்டும்; இங்கே உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரில் போடுவார்கள், அதுவும் சரிதான். அரைவேக்காடாக வேகவைத்துப் பிழிந்துகொள்ளலாம். புகைத்த பிலே மிஞோன் 240 கிராம், சின்ன விரல் நீளத்துக்கு நறுக்கியது. அகலச் சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். அந்த ஒரு கரண்டியே 120 கலோரி. வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய், தைம், மஞ்சள், ஒரு தக்காளி. அது சுருண்டதும் வாழைப்பூ. பூவில் ஈரம் வற்றிச் சட்டியில் லேசாகப் பிடிக்க ஆரம்பிக்கும்போது கறியைச் சேர்த்து மூடி, அஞ்சு நிமிஷம். கறியை முதலிலேயே போட்டு வதக்குவது வயிற்றுப் பகுதிக்குச் சரி, கொழுப்பு உருக வேண்டுமே. மென்சதையை அப்படிச் செய்தால் இறுகிவிடும்.

ஒருவருக்கு 60 கிராம் கறி வருகிறது, 90 கலோரி. அதே 60 கிராம் வயிற்றுப் பகுதியாக இருந்தால் 300 தாண்டும். வாழைப்பூவும் எண்ணெயும் சேர்த்து இன்னொரு 80. சோறு 100 கிராம், 130 கலோரி. பருப்பு 100 கிராம், 116 கலோரி. இந்தத் தீவின் சிலாவோஸ் மலைப்பகுதிப் பயறு கிடைத்தால் அதுதான், எரிமலை மண்ணில் விளையும் சின்னப் பயறு, குழையாமல் வேகும், 100 கிராமில் 8 கிராம் அளவுக்கு நார். ஓரத்தில் வெள்ளரிக்காய் ருகாய் (இது சமைக்காத காரத் தொடுகறி), ஒரு கை செளசெளக் கொழுந்துக் கீரை. மொத்தம் 450க்குள் நிற்கிறது, மாவுச்சத்து 60 கிராம் போல. பழைய தட்டு, 120 கிராம் வயிற்றுப் பகுதிப் புக்கானேயோடு, 1200ஐத் தொட்டுக்கொண்டிருந்தது.

சோற்றை நான் ஒழிக்கவில்லை. "சோறு இல்லாம எப்படிடா சாப்பிட்ட மாதிரி இருக்கும்?" என்று கேட்கும் அம்மாவுக்கு அந்த 100 கிராம் சோறு தேவை. செளசெளவைத் துருவி ஆவியில் வைத்துச் சோற்றோடு பாதிக்குப் பாதி கலந்தால் தட்டு நிறைந்து தெரியும். செளசெளவில் 100 கிராமுக்கு 20 கலோரிகூட இல்லை. தீவின் சலாசி மலைப்பகுதியில் கொடி கொடியாகத் தொங்கும் காய், விலையும் மலிவு. கலந்ததை அம்மா முதலில் முறைத்தார்கள், பிறகு அதிலேயே ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முன்பு 220, 240 என்று காட்டிய சர்க்கரை மானி இந்தத் தட்டுக்குப் பிறகு 150, 170க்குள் நிற்கிறது. இது எங்கள் வீட்டுக் கணக்கு, மருந்தும் கூடவே நடக்கிறது. இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். டாக்டரிடம் சொல்லி அளவு மாற்றிக்கொண்ட பிறகுதான் தட்டை மாற்ற வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எவ்வளவு அடிக்கடி

கலோரியும் மாவுச்சத்தும் குறைந்துவிட்டதால் தினமும் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது. புகைத்த, உப்பிட்ட இறைச்சிகளைப் பதப்படுத்திய இறைச்சி என்ற தலைப்பில் வைத்து, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் சேர்த்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் சொன்ன அளவு. இந்தச் செய்தியை மறைத்துவிட்டு ஒரு புகைப் பதிவு எழுத எனக்கு இஷ்டமில்லை. எங்கள் வீட்டில் பீப்பாய் எரிவது மாதத்துக்கு ஒருமுறை போல. எரிந்தால் நிறையப் புகைத்துவிடுகிறேன், சாப்பிடுவது வாரத்தில் ஒரு வேளை. விரத மாதத்தில் பீப்பாய்க்கும் விரதம்தான். அப்போது அதே தீயில் கத்தரிக்காயையும் தக்காளியையும் புகைத்து அரைத்தால் அருமையான துவையல் வருகிறது, அதை வேண்டுமானால் தினமும் சாப்பிடலாம்.

சேமிப்பு பற்றி ஒன்று முக்கியம். அடுப்புக்கு மேல் தொங்கும் பழைய புக்கானே கெடாமல் நிற்பது அதில் உள்ள ஏராளமான உப்பாலும், நாள்கணக்கில் உலர்வதாலும். அதனால்தான் அதைச் சமைக்குமுன் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்து உப்பை எடுக்கிறார்கள். ஒன்றரை சதவீத உப்பில் இரண்டு மணி நேரம் புகைத்த கறிக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. அது வெறும் சமைத்த கறி, புகை மணத்தோடு. வெளியே தொங்கவிடக் கூடாது. ஆறியதும் குளிர்பெட்டி, மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சத்தை 240 கிராம், 240 கிராமாகப் பிரித்து, காற்று இல்லாமல் பையில் கட்டி, தேதி எழுதி உறைபெட்டியில் போட்டுவிடுகிறேன். ஒரு பை எடுத்தால் ஒரு வாழைப்பூ, நாலு பேர். அளவு ஏற்கெனவே பையிலேயே இருப்பதால் சமைக்கும் நேரத்தில் யாரும் கை நீட்டி இன்னொரு துண்டு சேர்ப்பதில்லை.